ஒளிராத ஒரு காதுக்கல்

1. ஐந்தாம் ஜாடி

மீன் குஞ்சு பொரிக்கும் நிலையத்துக்கு நான் வேலைக்குப் போனது கூட்டித் துடைப்பதற்கு. அதற்கு முன்பு எட்டு வருடம் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். வெந்நீரும் சவர்க்காரமும் கைத்தோலை உரித்துவிட்டன. வேறு வேலை பாருங்கள் என்று டொக்டர் கடிதம் கொடுத்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மீன், சந்திப்பு நேரம், எடுத்துப் போனேன். அவர்கள் காட்டிய மூன்று இடங்களில் இது ஒன்றுதான் காலை வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் நான் வீட்டில் நிற்கலாம். மீனைப் பற்றி அப்போது யோசிக்கவே இல்லை.

சேர்ந்து இரண்டாவது கிழமை, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கட்டிடத்தில் நான் மட்டும். பொரிக்கும் அறையில் சுவரோரமாகப் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள் நின்றன. பெரிய போத்தலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்தியதுபோல இருக்கும் அவை. கீழ்க்குழாயால் தண்ணீர் ஏறும். அந்தத் தண்ணீரில் முட்டைகள் இரவும் பகலும் மெதுவாக உருண்டுகொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதினொரு ஜாடியில் முட்டைகள் அசைந்தன, ஐந்தாம் ஜாடியில் அசையவில்லை.

தொடலாமா என்று தெரியவில்லை. எந்தக் குழாயிலும் கை வைக்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நிலையத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் லிண்டெ என்ற பெண்மணி பேசினார். என் ஜெர்மன் அப்போது கடைக்குப் போய் வருகிற ஜெர்மன். உருளுவதற்குச் சொல் வரவில்லை. "ஐந்தாம் ஜாடியில் முட்டைகள் நித்திரை" என்று சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எல்லா முட்டையுமா, அடியில் கிடப்பவை மட்டுமா என்று கேட்டார். எல்லாம் என்றேன். ஜாடிக்குக் கீழே நீலக் கைப்பிடி தெரிகிறதா என்று கேட்டார்.

"ஒரு விரல் அகலம் திறவுங்கோ. கைப்பிடியைப் பார்க்க வேண்டாம், முட்டையைப் பாருங்கோ. எழும்பினவுடனே நிப்பாட்டுங்கோ."

ஜெர்மன்காரர் பேசியதை எல்லாம் நான் எங்கள் பேச்சிலேயேதான் எழுதுகிறேன். என் ஞாபகத்தில் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

திறந்தேன். மண்ணிறக் குவியல் நடுவில் மெல்லப் பிளந்து, முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து, ஓரத்தால் கீழே இறங்கின. சொன்னேன். பத்து நிமிடம் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. இடையில் குழந்தை ஒன்று கேக் கேட்கும் சத்தம் கேட்டது. யாருடையதோ பிறந்தநாள் வீட்டில் நின்றிருக்கிறார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மற்ற ஜாடிகளில் ஜன்னல் வெளிச்சம் நடுங்குகிறது, இதில் நடுங்கவில்லை என்றேன். அவர் என் கையில் ஒரு நீளக் கண்ணாடிக் குழலைத் தந்து, செத்த முட்டையை உறிஞ்சி எடுப்பது எப்படி என்று காட்டினார். செத்தது வெள்ளையாக இருக்கும். விட்டால் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். அன்றிலிருந்து பாதி நாள் துடைப்பம், பாதி நாள் முட்டை. மூன்றாம் வருடம் எனக்காக அவரே ஓர் அன்ட்ராக், விண்ணப்பம், எழுதி, தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார். நாற்பத்தொரு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி, மீன்வளர்ப்புத் தொழிலாளி என்று சான்றிதழ் வாங்கினேன்.

2. மூக்கு என்று ஒரு மீன்

நாங்கள் வளர்த்த மீனுக்கு ஜெர்மனில் நாஸெ என்று பெயர். மூக்கு என்று அர்த்தம். மேல்வாய் முன்னே தள்ளி, மழுங்கிய மூக்குப்போல இருக்கும். கீழ் உதடு நகத்தைப்போலக் கடினமானது. அதனால் ஆற்றுக் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். தின்ற கல்லில் வெள்ளைக் கோடு கிடக்கும். தண்ணீர் தெளிந்திருந்தால் அந்தக் கோடுகளை வைத்தே, மீன் இங்கே வந்து போயிருக்கிறது என்று சொல்லலாம்.

நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் மழைக்கு ஓடுகிற ஒன்றைத் தவிர ஆறு கிடையாது. எனக்குத் தெரிந்தது கடலும் கிணறும். ஆறு என்றால் கடலுக்குப் போகிற தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மீன் அந்தத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறுகிறது. வசந்தத்தில் கூட்டமாக வந்து, முழங்காலளவு ஆழத்தில், வேகமாக ஓடும் இடத்தில், சரளைக்கல்லின் மேல் முட்டையிடுகிறது. முட்டை கல்லிடுக்கில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். கல்லிடுக்கால் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு அடைத்தால் செத்துவிடும்.

எங்கள் ஆறு ரைன் நதியில் போய்ச் சேருகிற சிற்றாறுகளில் ஒன்று. அதன் பெயரை எழுதவில்லை. முட்டையிடும் இடத்தைப் பார்க்க ஆட்கள் கிளம்பி வந்து கல்லை மிதித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அதில் இந்த மீன் வண்டி கட்டி அள்ளுமளவு வந்ததாம். முள் அதிகம் என்பதால் ஏழைகள் தின்கிற மீன். பிறகு ஆலைகளுக்காக அணை கட்டினார்கள். ஆற்றை நேராக்கினார்கள். வயல் மண் இறங்கிச் சரளையை மூடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எஞ்சியிருந்தவை கொஞ்சக் கிழட்டு மீன்கள். அவற்றைப் பிடித்து, முட்டை எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு, குஞ்சு பொரிக்க வைத்து அதையும் ஆற்றில் விடுவதுதான் எங்கள் வேலை.

பொரிக்கும் அறையின் கதவில் ஃப்ராவ் லிண்டெ ஒரு தாள் ஒட்டியிருந்தார். மூன்று இலக்குகள். ஒன்று, ஒவ்வொரு வசந்தமும் பெரிய மீன்கள் இரண்டு சரளை மேடுகளுக்காவது வந்து முட்டையிட வேண்டும். இரண்டு, அந்த முட்டை ஆற்றிலேயே பொரித்துக் குஞ்சாக வேண்டும். மூன்று, ஆற்றில் பிறந்த அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, நாங்கள் ஒன்றும் விடாமலே, திரும்பி வந்து முட்டையிட வேண்டும். மூன்றும் நிறைவேறினால் நிலையத்தை மூடலாம்.

முதல்முறை அதை அவர் விளக்கியபோது எனக்குப் பயம் வந்தது. இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது, அதற்குள் மூடுவதைப் பற்றிப் பேசுகிறாரே என்று கேட்டேன்.

"அவசரப்படாதேங்கோ" என்றார். "எங்களுக்குத் தேவையில்லாமல் போறதுதான் வேலை. ஆனால் அது லேசில நடக்காது."

முதலாம் இலக்கு மெல்ல மெல்ல எட்டியது. நாங்கள் விட்ட குஞ்சுகள் நாலைந்து வருடத்தில் பெரிதாகி, சரளைக்கு வந்தன. ஒரு வசந்தத்தில் கரையில் நின்று அதைப் பார்த்தேன். முதுகுகள் தண்ணீருக்கு வெளியே தெரிய, மழை பெய்வதுபோலச் சத்தம். ஃப்ராவ் லிண்டெ எண்ணிக்கொண்டிருந்தார். நான் எண்ண மறந்துவிட்டேன்.

3. சிவப்புத் தண்ணீர்

முட்டையிட்டால் போதாது, ஆற்றில் பொரிக்க வேண்டும். ஆனால் கரையோரத்தில் ஒரு குஞ்சைப் பிடித்தால் அது ஆற்றில் பிறந்ததா, எங்கள் ஜாடியில் பிறந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக ஓர் ஏற்பாடு இருந்தது. குஞ்சுகளை ஆற்றில் விடுமுன் அலிசரின் என்ற சாயம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் வைத்திருப்போம். அந்த நேரம் தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்தி, காற்றை மட்டும் விடுவோம். தொட்டி பீட்ரூட் அவித்த தண்ணீர்போல இருக்கும்.

மீனின் தலைக்குள், காதுப் பக்கத்தில், மணலைவிடச் சிறிய கல் ஒன்று உண்டு. மீன் வளர வளர அதுவும் வளரும். சாயம் அந்தக் கல்லில் ஏறிவிடும். பிறகு எத்தனை மாதம் கழித்துப் பார்த்தாலும், அதற்கென்று உள்ள விளக்கின் கீழ் கல்லின் நடுவில் ஒரு வளையம் சிவப்பாக ஒளிரும். ஒளிர்ந்தால் எங்கள் மீன். ஒளிராவிட்டால் ஆற்றின் மீன். ஆனால் கல்லைப் பார்க்க மீனைக் கொல்ல வேண்டும். அதனால் எப்போதாவதுதான் பார்ப்போம்.

சாயத் தொட்டி என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து ஒரு மே மாதம், அந்த வருடமும் நான்தான் செய்தேன். சாயம் முடிந்து, தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டபிறகு, வெளிக்குழாயின் கீழுள்ள வலைப்பெட்டியைத் துடைக்கப் போனேன். பெட்டியின் மூலையில் ஒரு பிடி குஞ்சுகள் உயிரோடு நின்றன. காலையில், சாயம் விடுமுன், எப்படியோ தொட்டியிலிருந்து நழுவி வந்திருக்கின்றன. அகப்பையால் அள்ளி மற்றவற்றோடு தொட்டியில் விட்டேன். உயிர் தப்பியதே என்று சந்தோஷப்பட்டேன். ஏட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. இரண்டு நாள் கழித்து எல்லாக் குஞ்சுகளும் ஆற்றுக்குப் போயின.

4. முப்பதில் ஒன்று

அந்த வருடம் ஆகஸ்டில் ஹெர் கெர்கன் நிலையத்துக்கு ஓடி வந்தார். அவர் தூண்டில்காரர் சங்கத்தின் தலைவர். கூரை வேயும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். கை ஒவ்வொன்றும் பலகைபோல இருக்கும். சங்கத்து ஆட்கள் இந்த மீனைப் பிடிப்பதில்லை, சட்டமும் விடாது. ஆனால் அணையில் மீன் ஏறுவதற்கு வழி அமைக்க வேண்டும் என்று பத்து வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர். அந்த வழி முந்தின வருடம்தான் திறந்திருந்தது. இப்போது அணைக்கு மேலே, ஆழமில்லாத ஒரு வளைவில், சின்ன நாஸெ கூட்டம் கூட்டமாக நிற்கிறது என்றார்.

போய்ப் பார்த்தோம். உண்மை. விரல் நீளக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். நாங்கள் விட்ட இடம் அணைக்குக் கீழே. இவ்வளவும் ஏறி வந்ததா, மேலேயே பிறந்ததா என்பதுதான் கேள்வி. செப்டெம்பரில் மாவட்டத்து அதிகாரிகள் வந்து மீன்வழிக்கு விழா எடுக்க இருந்தார்கள். இரண்டாம் இலக்கும் எட்டிவிட்டது என்று அந்த மேடையில் சொல்ல வேண்டும் என்பது ஹெர் கெர்கனின் ஆசை. ஃப்ராவ் லிண்டெ யோசித்து, முப்பது குஞ்சை எடுக்கச் சம்மதித்தார்.

கொன்றது நான். கராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டால் மீன் மயங்கி அப்படியே அடங்கிவிடும். அறை முழுக்க எங்கள் வீட்டுக் குசினியில் சமைக்கிற வாசம். அதற்குப் பிறகு வெகுநாள் சோற்றுக்குக் கராம்பு போடவில்லை.

காதுக்கல்லைப் பார்த்தது நிவேதா. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய மதுரையிலிருந்து வந்தவள். கிழமைக்கு ஒரு நாள் எங்கள் நிலையத்தில் நிற்பாள். அவளுக்கு நான் அக்கா. அவளுடைய தமிழும் என்னுடையதும் பாதிதான் பொருந்தும், ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே மேசை.

அவள் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இருபத்தொன்பது ஒளிருது. ஒண்ணு ஒளிரல. லென்ஸ் மாத்தி, ரெண்டு கல்லையும் தேச்சு, மூணு தடவை பாத்துட்டேன். கிளீனா இருக்கு."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. முப்பதில் ஒன்று என்றால் ஆற்றில் பிறந்தவை இருக்கின்றன என்றுதானே அர்த்தம். அரை மணி நேரத்தில் ஹெர் கெர்கனுக்குச் செய்தி போய்விட்டது. அவர் கேக்கோடு வந்தார். எல்லோரும் கோப்பி குடித்தார்கள். நான் திரும்ப வாளி கழுவப் போனேன். அகப்பை என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அந்த ஒரு மீன் நான் அள்ளிவிட்ட மீனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் யாருக்கும் தெரியாது. எனக்குக்கூடத் தெரியாது. இப்படிச் சொல்லிச் சொல்லி மூன்று நாள் இருந்தேன். சொன்னால் வேலை போகுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஹெர் கெர்கனின் முகம் இன்னொரு பக்கம். வீட்டில் கணவரிடம் சொன்னேன். ஒரு பிடி மீனுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய் என்றார். அவர் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை, ஃப்ராவ் லிண்டெ அறைக்கதவைத் தட்டினேன். அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஃப்ராவ் லிண்டெ, நான் ஒரு பிழை விட்டுட்டன். மே மாதம், சாயம் போட்ட அண்டைக்கு, வலைப்பெட்டியில நிண்ட குஞ்சுகளை அள்ளித் தொட்டிக்குள்ள விட்டனான். அதுகளுக்குச் சாயம் ஏறேல்லை."

அவர் பேனையை வைத்தார். எவ்வளவு என்று கேட்டார். ஓர் அகப்பை என்றேன். எந்த அகப்பை என்று கேட்டார். போய் எடுத்து வந்தேன். அதைக் கையில் வாங்கி, தண்ணீர் அளக்கும் குவளையில் முக்கிப் பார்த்து, ஒரு தாளில் கணக்குப் போட்டார். அந்த நேரம் முழுக்க நான் நின்றேன். உட்காரச் சொன்னதுகூட எனக்கு விளங்கவில்லை.

"அப்ப அந்த ஒரு மீனை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கவலை என்பது நன்றாகவே தெரிந்தது.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் பொய் எழுதியிருப்பன். பொய் எண்டு தெரியாமலே எழுதியிருப்பன்" என்றார். பிறகு, "பெட்டியில மீன் நிண்டால் என்ன செய்ய வேணும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லித் தரேல்லை. அது என்ர பிழை" என்றார்.

அறிக்கையில் 'நிலையத்தில் நிகழ்ந்த கையாளும் தவறு' என்று எழுதினார். என் பெயர் எங்கும் இல்லை. இரண்டாம் இலக்கு: நிரூபிக்கப்படவில்லை.

5. மண்டபத்தில்

விழா சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள், பத்திரிகைக்காரர் ஒருவர், சங்கத்து ஆட்கள். ஃப்ராவ் லிண்டெ முன்கூட்டியே ஹெர் கெர்கன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஆனாலும் மேடையில் அவர் 'நிரூபிக்கப்படவில்லை' என்று வாசித்தபோது ஹெர் கெர்கன் எழுந்துவிட்டார்.

"நூற்றுக்கணக்கில மீன் நிக்குது. நான் என்ர கண்ணால கண்டனான். ஒரு அகப்பைக்காக இதை இல்லை எண்டு சொல்லப்போறீங்களோ?"

மண்டபத்தில் யாரும் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஃப்ராவ் லிண்டெயைத் தவிர அங்கே யாருக்கும் அது நான் என்று தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் காது சுட்டது.

"இல்லை எண்டு சொல்லேல்லை" என்றார் ஃப்ராவ் லிண்டெ. "தெரியாது எண்டு சொல்லுறன்."

பிறகு அவர் சொன்னதுதான் எல்லோரையும் நிமிர வைத்தது. அடுத்த மூன்று வருடம் இந்த ஆற்றில் ஒரு குஞ்சும் விடுவதில்லை என்று முன்மொழிந்தார். எங்கள் மீனை நாங்களே விட்டு, நாங்களே பிடித்து, நாங்களே எண்ணிக்கொண்டிருந்தால் ஆறு என்ன செய்கிறது என்று ஒருநாளும் தெரியவராது. விடாமல் இருந்தால், பிறகு கரையோரத்தில் கிடைக்கிற, அந்த வருடம் பொரித்த குஞ்சு ஒவ்வொன்றும் ஆற்றின் குஞ்சு. ஒன்றையும் கொன்று பார்க்க வேண்டியதில்லை.

ஓர் அதிகாரி, மூன்று வருடமும் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்று கேட்டார். அப்படியென்றால் அதுதான் பதில், பிழை எங்கே என்று தேட வேண்டும் என்றார் ஃப்ராவ் லிண்டெ. குஞ்சு விடாத நிலையத்துக்கு எதற்கு இத்தனை ஆட்கள் என்று அந்த அதிகாரி மேலும் கேட்டார். ஃப்ராவ் லிண்டெ வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார். முதலில் தன்னுடையதை. அதை அவர் எங்களிடம்கூட முன்பு சொல்லியிருக்கவில்லை.

வேலையிடத்தில் நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். கைதட்டு வாங்க வேண்டிய நாளில், கைதட்ட வந்தவர்கள் முன்னால் நின்று தெரியாது என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹெர் கெர்கன் அன்று கைகொடுக்காமல் போய்விட்டார்.

6. கல்லைக் கிளறுதல்

குஞ்சு விடாத முதல் வசந்தம். பெரிய மீன்கள் வந்தன, முட்டையிட்டன. பிறகு நாங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணங்களோடு கரையோரம் முழுக்கத் தேடினோம். மூன்று கிழமை. மற்ற மீன்களின் குஞ்சுகள் கிடைத்தன. நாஸெ ஒன்றும் இல்லை.

நான் ஒரு குழாயைச் சரளைக்குள் இறக்கி, உள்ளேயிருந்து தண்ணீர் எடுத்துக் கொண்டுவந்தேன். நிவேதா ஆக்சிஜன் அளந்தாள். "அக்கா, மேல தண்ணி சூப்பர். கல்லுக்குள்ள மூச்சே இல்லை" என்றாள். மேலே பார்க்கச் சரளை, கையை விட்டால் இரண்டு விரல் ஆழத்தில் சீமெந்துபோல இறுகிய சேறு. மீன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. முட்டை போய்ச் சேர்ந்த இடம்தான் அடைத்துக் கிடந்தது. நாங்கள் வருடா வருடம் குஞ்சு விட்டுக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

ஃப்ராவ் லிண்டெ அதைச் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். பதில் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் இரும்புப் பல் வைத்த வாருகோல்களோடு ஆற்றில் இறங்கிக் கல்லைக் கிளறத் தொடங்கியபோது, கரையில் இரண்டு வாகனங்கள் வந்து நின்றன. ஹெர் கெர்கனும் சங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். அவர் ஃப்ராவ் லிண்டெயைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

கொஞ்ச நேரம் கிளறினோம். கிளறும்போது சேறு புகைபோல எழும்பிக் கீழே போகும்.

"ஹெர் கெர்கன்" என்றேன், "அந்த அகப்பை என்ர கையில இருந்தது."

அவர் வாருகோலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், விளங்கினது. அண்டைக்கு மண்டபத்தில உங்கட முகத்தைப் பார்த்தனான்" என்றார். பிறகு கல்லைக் காட்டி, "இதை முதலே கிளறியிருக்க வேணும். பத்து வருசம் அணையை மட்டும் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்" என்றார்.

கிளறினால் மட்டும் போதாது, மழைக்கு வயல் மண் திரும்ப இறங்கும். கரையில் உழாமல் ஒரு கீற்று நிலம் விட வேண்டும். ஃப்ராவ் லிண்டெ கடிதம் எழுதிக் கேட்டும் அந்த விவசாயிகள் அசையவில்லை. ஹெர் கெர்கன் அவர்களில் பாதிப் பேருக்குக் கூரை வேய்ந்தவர். வீடு வீடாகப் போய்க் குசினியில் உட்கார்ந்து பேசினார். ஒருவர் சம்மதித்தார், பிறகு அவருடைய அயலவர். அந்தக் கீற்றில் சங்கத்து ஆட்கள் வில்லோ மரங்கள் நட்டார்கள்.

இரண்டாவது வசந்தமும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மாதங்கள்தான் கடினம். ஜாடிகள் வெறுமையாக நின்றன. என் நேரமும் பாதியாகியது. மிச்ச நேரத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துடைக்கப் போனேன். நான் வாயை மூடியிருந்தால் இந்த நிலை வந்திருக்காதே என்று சில காலைகளில் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஃப்ராவ் லிண்டெ ஒரு தடவைகூட அப்படி நினைத்ததாகக் காட்டவில்லை. அந்தக் கோடையில் சரளையில் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறியது. அந்த அளவை அவர் எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார், பள்ளிக்கூடத்து வேலை நேரத்தில்.

7. வெள்ளைக் கிண்ணம்

மூன்றாவது வசந்தம், மே மாதக் காலை. மேட்டுக்குக் கீழே, தண்ணீர் தேங்கி நிற்கிற சின்ன வளைவு. ஃப்ராவ் லிண்டெ கரையில் மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஏடு. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அவர் இறங்கவில்லை. நானும் ஹெர் கெர்கனும் இடுப்பளவு ரப்பர் உடுப்போடு தண்ணீரில்.

நான் கிண்ணத்தைச் சாய்த்து அள்ளினேன். அடியில் கண்ணிமை மயிர் அளவில் சில கோடுகள் அசைந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். அப்படிக் குஞ்சுகள் எத்தனையோ தடவை ஏமாற்றியிருக்கின்றன. கிண்ணத்தைக் கரைக்குக் கொண்டுபோனேன். ஃப்ராவ் லிண்டெ ஒன்றைச் சின்னக் கண்ணாடித் தட்டில் தண்ணீரோடு எடுத்து, கைக்கண்ணாடியால் பார்த்தார். தட்டைத் திருப்பித் திரும்பவும் பார்த்தார். வயிற்றின் ஓரத்தில் ஓடுகிற கருங்கோட்டைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"நாஸெ" என்றார். "அடுத்ததைத் தாங்கோ."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்ததை ஹெர் கெர்கன் இன்னொரு கிண்ணத்தில் விட்டார். முடிந்தபிறகு எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக எண்ணச் சொன்னார், அது அவருடைய வழக்கம். நான் எண்ணினேன். பன்னிரண்டு என்றேன்.

ஹெர் கெர்கன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிண்ணத்தின் மேல் குனிந்தார். பலகைபோன்ற அந்தக் கையால் ஒரு சின்ன வர்ணத் தூரிகையைப் பிடித்து, ஓரத்தில் கிடந்த கோடொன்றை மெல்லத் தொட்டுத் தூக்கினார். அது அசையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காற்றில் வந்து விழுந்த வில்லோப் பூவின் தும்பு.

"பதினொண்டு" என்றார். "பதினொண்டு எண்டு எழுதுங்கோ."

ஃப்ராவ் லிண்டெ எழுதினார். ஹெர் கெர்கன் கிண்ணத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, அவை தாங்களாக நீந்திப் போகும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கரையேறி, ஃப்ராவ் லிண்டெ முன்னால் வந்து, கையைத் துடைத்துவிட்டுக் கைகொடுத்தார்.

அந்தக் கிழமை அதே கரையில் இன்னும் பல குஞ்சுகள் கிடைத்தன. இரண்டாம் இலக்கு எட்டப்பட்டது என்று அறிக்கை போனது. விழா வைக்கவில்லை. நிவேதா மட்டும் கேசரி செய்து கொண்டுவந்தாள்.

மூன்றாம் இலக்கு இன்னும் எட்டவில்லை. ஆற்றில் பிறந்தவை வளர்ந்து திரும்பி வர நாலைந்து வருடம் பிடிக்கும். ஃப்ராவ் லிண்டெ பென்ஷனுக்குப் போய்விட்டார். நான் அடுத்த வருடம் போகிறேன். எண்ணுவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஏட்டில் எழுதத் தேவையில்லை என்று தோன்றுவதையும் எழுதுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் பொறுப்பாளர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் மூன்று நாள் நின்றேன். நல்லவராக இருந்தார், அது என் அதிர்ஷ்டம். ஆனால் சொல்ல வேண்டியதற்கும் அவர் நல்லவர் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கல்லுக்குள் மூச்சு இல்லை என்பதை நாங்கள் கண்டுபிடித்தது, நாங்கள் வென்றுவிட்டோம் என்று சொல்லாமல் விட்டதால்தான்.